பனி குடித்த கன்றுகள்

“பனி குடிக்கட்டும்னுதானுங்க வலையைக் கழட்டியுட்டேன்! நானென்ன வெசத்தையா ஊத்துனேன்?”

காளிச்சாமியின் குரல் ஜன்னல் கம்பியைத் தாண்டி வீதிக்கு வந்ததும் எதிர்வீட்டில் டிவி சத்தம் மெல்லக் குறைந்தது. பீளமேட்டின் அந்த வீதியில் அதுதான் மரியாதை. ஒரு வீட்டில் குரல் உயர்ந்தால் எதிர்வீட்டார் டிவியைக் குறைத்துவிடுவார்கள். சண்டை போடுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம்.

“வெசம் ஊத்தியிருந்தாக்கூட பரவாயில்லீங்க மாமா. எந்தக் கன்னுக்கு எவ்வளவு ஊத்துனீங்கன்னு கேட்டு எழுதியாச்சும் வெச்சிருப்பேன்,” என்றாள் லோகப்பிரியா.

“கேட்டீங்களா சம்பந்தி? உங்க புள்ளை பேசற பேச்சை?”

நாச்சிமுத்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றிக் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். நாளெல்லாம் மோட்டார் இரைச்சலுக்கு நடுவில் இருப்பதாலோ என்னவோ, வீட்டில் யார் கத்தினாலும் அவர் காதில் பாதிதான் ஏறும். மீதிப் பாதியை அவர் ஏற்றிக்கொள்வதில்லை.

“அது பனி இல்லீங்க மாமா. உறைபனி. ரெண்டும் வேற வேற.”

“பனின்னா பனிதான் அம்மணி. எங்க வெள்ளகோயல்ல கொள்ளு எதுல வெளையுது? மழையா பேயுது? ராத்திரிப் பனி குடிச்சே காய் புடிக்குது. கொத்தமல்லி? அதும் பனிதான். நீ என்னடான்னா மரக்கன்னை, கன்னுக்குட்டியைக் கொசுவலைக்குள்ள கட்டிப்போட்டாப்புல பொத்தி வெச்சிருக்கறே. பாவம், மூச்சு முட்டுமேன்னு நானே கத்தியெடுத்துக் கயித்தை அறுத்தேன். புண்ணியத்துக்குப் பண்ணுனது பொல்லாப்பாப் போச்சு!”

காளிச்சாமியின் மகன் அருண்குமார் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். லோகப்பிரியாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. “அப்பா, விடுங்க. லோகு வருத்தத்துல பேசறா,” என்று இரண்டு பக்கத்துக்கும் நல்லவனாக ஒரு வார்த்தை சொன்னான்.

சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்ற சாமியாத்தாளுக்கு, அதாவது பெண்ணைப் பெற்றவளுக்கு, உள்ளே போவதா கூடத்துக்கு வருவதா என்று தெரியவில்லை. காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த போன் மட்டும் ஒரு கரித்துண்டு மாதிரி கனன்றுகொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் அருண்குமாரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அருண்குமாருக்கும் தெரியும். அதனால்தான் அவன் அத்தை இருந்த திசையையே பார்க்காமல் நின்றான்.

இந்தச் சம்பந்தம் அமைந்ததே அந்தக் கன்றுகளால்தான். லோகப்பிரியா பக்கத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. என்ன ஆராய்ச்சி என்று கேட்ட வீதிக்கு முதலில் அவள் பொறுமையாகவே சொல்லிப் பார்த்தாள். பைன், சைப்ரஸ் மாதிரியான ஊசியிலை மரங்கள் இருக்கின்றனவே, அவற்றின் இளங்கன்றுகள் குளிர்காலத்தில் மேட்டில் நின்றால் எப்படி ஒளிச்சேர்க்கை செய்கின்றன, பள்ளத்தில் நின்றால் எப்படிச் செய்கின்றன என்று பார்க்கிறேன் என்றாள். வீதி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “செரி, கல்யாணம் எப்ப?” என்றது.

அதற்கு மலையில் ஓர் இடம் தேவைப்பட்டது. சரிவும் வேண்டும், சரிவின் அடியில் கிண்ணம் போல் ஒரு பள்ளமும் வேண்டும். எதிர்வீட்டுப் பழனாத்தாள் ஒருநாள் உறைமோர் கேட்டு வந்தாள். பழனாத்தாள் வீட்டில் பால் தோய்க்க என்றைக்கும் உறைமோர் இருந்ததில்லை; இருந்தால் பிறகு எந்தச் சாக்கில் அடுத்த வீட்டுக்குள் போவது? டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, “எங்க ஒறம்பரைல வெள்ளகோயல்காரர் ஒருத்தரு மலைல எமரால்டுங்கற ஊருப் பக்கம் பூமி வாங்கி ஊடு கட்டியிருக்காருங்க. சரிவும் இருக்குது, பள்ளமும் இருக்குது,” என்றவள், ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, “பையனும் இருக்குது,” என்றாள்.

பையனுக்குப் பீளமேட்டிலேயே ஐ.டி. ஆபீசில் வேலை. சனி ஞாயிறானால் லேப்டாப்போடு மலைவீட்டுக்குப் போய்விடுவான். லோகப்பிரியா கன்று நட்ட முதல் குளிர்காலத்தில் அவளுக்குக் குடை பிடித்தான், கூடை தூக்கினான், கேள்வி கேட்டான். பதிலை மனப்பாடமும் செய்துகொண்டான். பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் அவன்தான் பேராசிரியர்.

“குளிர் காத்து தண்ணி மாதிரிங்க. ராத்திரியானா மேட்டுல இருந்து வழிஞ்சு பள்ளத்துல போய்த் தேங்கிக்கும். பெரிய மரத்துக்குத் தலை மேல இருக்கு, தப்பிச்சுக்கும். முழங்கால் ஒசரக் கன்னு பூராவும் முழுகிக்கும். எலை உறைஞ்சுரும். அதோட போச்சான்னா இல்லீங்க. காலைல கெழக்க இருந்து வெயில் வந்து அந்த உறைஞ்ச எலை மேல அடிக்குது பாருங்க, அதுதான் ஆபத்து. உறைஞ்ச எலைக்கு வெயிலே வெசம்!”

கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். சாமியாத்தாள் பூரித்துப் போவாள். பெண்ணின் படிப்பு பெண்ணின் வாயிலிருந்து வந்தபோது விளங்காதது, மாப்பிள்ளை வாயிலிருந்து வந்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. பள்ளத்துக் கன்றுகளில் பாதியை மட்டும் பச்சை வலையால் மூடிக் கட்டி வைத்திருப்பதும் அதற்குத்தான் என்று அவளே நாலு பேருக்குச் சொன்னாள். ராத்திரி குளிர் முழுசாக இறங்காமல் வலை தடுக்கும். விடிந்ததும் முதல் வெயிலின் வேகத்தையும் தடுக்கும். வலைக்குள் இருந்தவையும் வெளியே இருந்தவையும் இரண்டு குளிர்காலம் எப்படித் தேறின என்று ஒப்பிட்டுக் காட்டினால் லோகப்பிரியாவின் வேலை முடிந்தது. அந்தக் கணக்கைக் கேட்டு ஃபின்லாந்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அவளுக்கு இரண்டு வருஷம் இடம் வைத்துக் காத்திருந்தது.

கார்த்திகையில் இரு வீட்டாரும் கூடி உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தில் அது ஆகிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. முகூர்த்தம் வைகாசியில். ஃபின்லாந்துப் பேச்சு வந்தபோது காளிச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு மேலே பார்த்தார். அருண்குமார்தான் எழுந்து நின்று சபைக்கே கேட்கச் சொன்னான்: “ரெண்டு குளிர்கால ரீடிங்கும் முடிஞ்சுதுன்னா, நானே ஏர்போர்ட்டுல கொண்டுபோய் உட்டுட்டு வருவேன்.”

வந்திருந்த பெண்களெல்லாம், இப்படியொரு மாப்பிள்ளை எங்கே கிடைக்கும் என்று சாமியாத்தாளைப் பொறாமையோடு பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நாத்தனார் மகள் கனடா போய், பெற்ற தகப்பன் செத்ததற்கு வீடியோவில் அழுததைப் பார்த்ததிலிருந்து சாமியாத்தாளுக்கு ஏர்போர்ட் என்ற சொல்லே ஆகாது. அதுவும் அவர்கள் வீட்டுக்கு மேலேயேதான் விமானம் இறங்கும். ஒவ்வொரு தடவையும் அவள் அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளிப்பாள்.

தை பிறந்தது. இரண்டாவது குளிர்காலத்தின் கடைசிக் கட்டம். மலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும் நாட்கள், உறைபனி விழுவதும் அப்போதுதான். அந்த வாரம் பார்த்து, மலையில் தங்கிக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த பெண்ணைச் சாமியாத்தாள் கீழே வரச்சொன்னாள்.

“ரவிக்கைக்கு அளவு குடுக்கோணும் கண்ணு. டெய்லர் ஆளே வந்தாகோணும்ங்கறான்.”

“பழைய ரவிக்கையைக் குடுத்தனுப்பும்மா.”

“முகூர்த்த ரவிக்கைக்குப் பழைய அளவா? நாலு பேரு சிரிக்கோணுமா?”

லோகப்பிரியா வந்தாள். அதே சனிக்கிழமை காளிச்சாமி வெள்ளகோவிலிலிருந்து உறவுக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு மலைவீட்டைக் காட்டப் போனார். மகனும் கூடப் போனான். அன்று சாயங்காலம், விருந்தாளிகள் பார்க்க, அவர் கத்தியெடுத்துக் கயிற்றை அறுத்து வலையைச் சுருட்டி ஓரமாகப் போட்டார். அவரை அதில் குறை சொல்வதற்கில்லை. மனுஷனுக்குப் பனி என்றால் வெள்ளகோவில் பனிதான். காலில் ஈரம் ஒட்டுகிற, கொள்ளுச் செடிக்குத் தாய்ப்பால் மாதிரியான பனி. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்தது அவர் குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை காலை சாமியாத்தாள் காபியும் கையுமாக உட்கார்ந்து ஸ்டேட்டஸ் பார்த்தாள். மற்றவர்கள் பேப்பர் படிப்பது போல அவள் தினமும் எல்லாருடைய ஸ்டேட்டஸையும் பார்ப்பாள்; விட்டுப்போனால் அன்றைக்கு வயிறு சரியிருக்காது. மாப்பிள்ளை ஒரு போட்டோ வைத்திருந்தார். பள்ளத்தில் வரிசையாகக் கன்றுகள், ஒவ்வொரு ஊசியிலும் சர்க்கரை தூவியது போல் வெள்ளை, பின்னாலிருந்து பொன் மாதிரி வெயில். ஓரத்தில் பச்சையாக ஏதோ ஒரு சுருள். கீழே, ‘எங்க வீட்டு சுவிட்சர்லாந்து’ என்று எழுதியிருந்தது. சாமியாத்தாளுக்கு மனசு குளிர்ந்தது. ‘சூப்பர் மாப்ள’ என்று தட்டி, ஒரு பூவும் கும்பிடுகிற இரண்டு கைகளும் போட்டு அனுப்பினாள்.

அன்று பொழுதோட, விளக்கு வைத்த பிறகு, தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது லோகப்பிரியா போனில் மலை வானிலையைப் பார்த்தாள்.

“இன்னிக்கும் வானம் சுத்தமா இருக்கும்மா. பள்ளத்துல மைனஸுக்குப் போயிரும். வலை இருக்கறதால கவலையில்ல. வெளிய நிக்கற கன்னுகதான் பாவம்.”

தோசைத் திருப்பி சாமியாத்தாளின் கையில் அப்படியே நின்றது. காலையில் பார்த்த படம் கண்ணுக்குள் வந்தது. அதில் வலை இல்லை. ஓரத்தில் கிடந்த பச்சைச் சுருள்தான் வலை.

“கண்ணு…” என்றாள்.

“என்னம்மா?”

தோசை கருகத் தொடங்கியது. வீட்டுக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது.

“சட்னி போதுமா?” என்றாள் சாமியாத்தாள்.

“போதும்மா.”

அவ்வளவுதான் நடந்தது. கொலையா, களவா? பிறகு பாத்திரம் கழுவும்போது சாமியாத்தாள் தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள். ஒரு ராத்திரிக் குளிரில் செடி செத்தா போய்விடும்? மாப்பிள்ளை அங்கேயே இருக்கிறார், அவருக்குத் தெரியாததா, அவர் பார்த்துக்கொள்வார். இதற்குக் கீழே இன்னொரு நினைப்பும் இருந்தது. போனால் போகட்டும், போனால் பெண் போகமாட்டாள். அந்த நினைப்பை அவள் பாத்திரத்துக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மறுநாள் ஸ்டேட்டஸில் அந்தப் படம் இல்லை. சாமியாத்தாளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. கண்ணில் படாத படம் நடக்காத காரியம் மாதிரித்தானே. இன்னும் ஒரு விடியலும் போனது. அதற்கப்புறம்தான் அருண்குமார் லோகப்பிரியாவைக் கூப்பிட்டான். “ஒரு சின்ன விசயம் லோகு. அப்பா வலையைக் கழட்டிட்டாராம். நான் உள்ள மீட்டிங், மீட்டிங்னு இருந்துட்டேனா, இப்பத்தான் பள்ளத்துப் பக்கம் போனேன்.”

அடுத்த பஸ்ஸிலேயே லோகப்பிரியா மலையேறினாள். துணைக்கு வருகிறேன் என்று சாமியாத்தாளும் கிளம்பினாள். வழியெல்லாம் பெண் போனில் மலை வானிலையையே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஒரு சாமியை வேண்டிக்கொண்டு வந்தாள்.

பள்ளத்தில் இறங்கிப் பார்த்ததும் சாமியாத்தாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அட, பச்சைப் பசேல்னுதான நிக்குது! இதுக்கா இப்படி அடிச்சுப் புடிச்சுட்டு ஓடியாந்தே?”

லோகப்பிரியா ஒவ்வொரு கன்றின் ஊசியிலும் துணிக்குப் போடுவது போன்ற சின்னக் கிளிப்பை மாட்டினாள். இலையைச் சிறிது நேரம் இருட்டில் வைத்து, பிறகு ஒரு வெளிச்சத்தைக் காட்டினால், உள்ளே வேலை எவ்வளவு நடக்கிறது என்று கருவி சொல்லும். நல்ல இலைக்குப் பாயிண்ட் எட்டு வரும் என்று சாமியாத்தாளே மாப்பிள்ளை சொல்லக் கேட்டிருக்கிறாள். வலைக்குள் இருந்திருக்க வேண்டிய கன்றுகள் பாயிண்ட் மூன்று காட்டின. கிழக்கு வெயில் நேராக விழும் பக்கத்தில் நின்றவை இரண்டு. பள்ளத்தின் மறுபுறம் வெயில் தாமதமாக எட்டுகிற இடத்தில் கொஞ்சம் தேவலை. பள்ளத்தைவிட நாலு ஆள் உயரம் மேலே, சரிவில், வலையே இல்லாமல் நின்ற கன்றுகள் எட்டை ஒட்டிச் சௌக்கியமாக இருந்தன. ஒரே மலை, ஒரே ராத்திரி, ஒரே தட்டிலிருந்து எடுத்து நட்ட கன்று.

“பச்சையா இருக்கறது வேறம்மா, வேலை செய்யறது வேற,” என்றாள் லோகப்பிரியா. “அப்பா பட்டறைல பார்த்திருப்பே. மோட்டார் ஜாம் ஆகி நிக்கும்போது கரண்ட் மட்டும் போயிட்டே இருந்தா என்னாகும்?”

“காயில் கருகிரும்.”

“வெளிய பார்த்தா மோட்டாருக்கு என்ன கேடு? பெயிண்ட் கூட உரியாது. இதும் அதுதான். குளிர்ல உள்ள எல்லாம் ஜாம் ஆயிருச்சு. வெயில் மட்டும் அடிச்சுட்டே இருந்துச்சு. ஒரு நாள்னா தேத்தியிருப்பேன். மூணு விடியக்காலம் விடாம அடிச்சிருக்கு.”

ஒரு நாள்னா தேத்தியிருப்பேன். சாமியாத்தாள் குத்துக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். குளிருது என்று முக்காடு போட்டுக்கொண்டாள்.

அதற்கு மறுநாள்தான் காளிச்சாமியும் மகனும் சமாதானம் சொல்ல வீட்டுக்கு வந்தது, சமாதானம் சண்டையானது, எதிர்வீட்டு டிவி குறைந்தது எல்லாம்.

“செரி, ஆனது ஆகிப்போச்சு. இப்ப அதுக்கு என்ன செய்யோணும்?” என்று நாச்சிமுத்து முதன்முறையாக வாயைத் திறந்தார்.

“இன்னொரு குளிர்காலம் வேணும்ப்பா. புதுக் கன்னு, முதல்ல இருந்து. ஃபின்லாந்துல அதுவரைக்கும் இடம் வெச்சிருப்பாங்களான்னு தெரியாது.”

“அப்பப் பிரச்சினையே இல்லீங்களே!” காளிச்சாமியின் முகம் தெளிந்தது. “வைகாசில கல்யாணத்தை முடிச்சுப்போட்டு, மெதுவா அடுத்த மார்கழிக்கு நட்டுக்கலாம். நம்ம பூமி எங்க ஓடிப்போகுது? கன்னு வெச்ச எடத்துல தொட்டிலும் கட்டிக்கலாம்.”

அவர் மட்டும் சிரித்தார். அருண்குமார் மென்மையாகச் சொன்னான்: “நான் சொன்ன வார்த்தை அப்படியேதான் இருக்கு லோகு. போக வேண்டாம்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. ரீடிங் முடிஞ்சா போன்னுதான் சொன்னேன். கன்னே இப்படி ஆயிட்டா நான் என்ன பண்ணட்டும்?”

லோகப்பிரியா அவனைப் பார்த்தாள். “நீங்க எப்பப் பார்த்தீங்க?”

“போன் பண்ணுனேனே, அன்னைக்குத்தான்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் விழுந்தது. கையில் டம்ளர். “ஏனுங்க சாமியாத்தா, துளி ஒறமோர் இருக்குங்களா?” பழனாத்தாளுக்குச் சண்டை ஜன்னல் வழியே பாதிதான் கேட்டிருக்க வேண்டும். உள்ளே வந்து எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து, நடுவில் பூந்து நல்லது செய்கிற குரலில் சொன்னாள்:

“கன்னுக்கு என்னவாமாங்க? ஞாயித்துக்கெழமை காலைல அருணு ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்துச்சே, வெள்ளை வெளேர்னு, கண்ணு பட்டுரும்போல அழகா இருந்துச்சே!”

காளிச்சாமிக்கு விளங்கவில்லை. நாச்சிமுத்துவுக்கு விளங்கியது, அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

“ஞாயித்துக்கெழமையா?” என்றாள் லோகப்பிரியா. “எனக்கு அப்படி ஒண்ணும் வரலியே. எனக்கு மட்டும் தெரியாமப் போட்டீங்களா?”

அருண்குமாரின் கழுத்து சிவந்தது. உறைஞ்ச எலைக்கு வெயிலே வெசம் என்று ஊரெல்லாம் பாடம் சொன்ன வாய். தெரியாது என்று அந்த வாயால் சொல்ல முடியாது. ஆனால் கெட்டிக்காரப் பையன், தான் மட்டும் பள்ளத்தில் நிற்க மனசில்லாமல் சுற்றிலும் பார்த்தான். அத்தை கண்ணில் பட்டாள்.

“ஏன், அத்தையுந்தான் பார்த்தாங்க. சூப்பர்னு பூ வேற போட்டு அனுப்பிச்சாங்க. அவங்க ஏன் சொல்லல? பெத்தவங்களே கம்முனு இருந்தாங்க, நான் மட்டும் கெட்டவனா?”

லோகப்பிரியா எழுந்து வந்து அம்மாவிடம் கையை நீட்டினாள். கத்தவில்லை. சாமியாத்தாள் தட்டைக் கீழே வைத்து, இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்துவிடும். அதற்குப் பதில் போட்டால் படம் சின்னதாகப் பதிலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பது சாமியாத்தாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பதில் போட்டிருக்கமாட்டாளா, அழித்திருப்பாளா என்று கேட்டால் அதுவும் தெரியாது.

லோகப்பிரியா ரொம்ப நேரம் பார்த்தாள். வெள்ளைக் கன்றுகள், பச்சைச் சுருள், சூப்பர் மாப்ள, பூ, கும்பிடும் கைகள்.

“அன்னிக்குப் பொழுதோட சட்னி போதுமான்னு கேட்டியேம்மா,” என்றாள். “இதைச் சொல்ல வந்துதான் அதைக் கேட்டியா?”

“கண்ணு, எனக்கு என்ன தெரியும், நான் ஒண்ணும் படிக்காதவ…”

“காயில் கருகிரும்னு டக்குனு சொன்னியே, அங்க.”

சாமியாத்தாள் அழுதாள். பழனாத்தாள் டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு, “நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?” என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்து நின்றாள். லோகப்பிரியா போனை அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தாள். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, “நீங்க கிளம்புங்க. இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்,” என்றாள். அவனிடம் அதற்கு மேல் அவளுக்குக் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. இருந்ததெல்லாம் வேறு இடத்தில் செலவாகிவிட்டது.

உப்புச்சர்க்கரை மாற்றின சம்பந்தம் முறிந்தது என்றால் வீதிக்கு ஒரு மாதப் பேச்சு. பெண்ணுக்குத் திமிர் என்று பாதி, மாப்பிள்ளைக்கு வேறு தொடுப்பு என்று மீதி. செடியால் முறிந்தது என்று உண்மையைச் சொன்ன ஒன்றிரண்டு பேரை யாரும் நம்பவில்லை. பள்ளத்துக் கன்றுகள் மாசி வரை பச்சையாகவே நின்று, பங்குனியில் நுனியிலிருந்து துரு ஏறின மாதிரி பழுத்து உதிர்ந்தன. “நம்ம பனி ஒத்துக்கலே,” என்று காளிச்சாமி விருந்தாளிகளிடம் இன்றைக்கும் சொல்கிறார்.

அருண்குமாருக்கு அதே வைகாசியில், அதே முகூர்த்தத்தில், பிடித்து வைத்திருந்த அதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பெண் அந்தியூர், பேர் மானசா. பழனாத்தாள்தான் முடித்து வைத்தாள். மானசாவுக்கு மலைக்குளிர் ஆகாது, சளி பிடித்துக்கொள்கிறது. அதனால் மலைவீடு பூட்டியே கிடக்கிறது.

லோகப்பிரியா பங்குனியிலேயே வீட்டைவிட்டுப் போய் மலையில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். வேறொருவர் நிலம், வேறொரு பள்ளம், புதுக் கன்று. நாச்சிமுத்துதான் பட்டறையை ஒரு நாள் பூட்டிவிட்டு வலைச் சுருளை பஸ்ஸில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்து வந்தார். என்ன பேசினீர்கள் என்று சாமியாத்தாள் கேட்டதற்கு, “கயிறு கட்டுனேன்,” என்றார். அந்தக் குளிர்காலம் முடிந்து கணக்கும் முடிந்தது. முதலில் வைத்திருந்த இடம் போய்விட்டிருந்தது. அதைவிட வடக்கே, அதைவிடச் சின்ன ஊரில், வேறோர் இடம் கிடைத்தது. ஏர்போர்ட்டுக்கு நாச்சிமுத்து மட்டும் போனார். விமானம் வீட்டுக்கு மேலேதான் ஏறியது. சாமியாத்தாள் அண்ணாந்து பார்க்கவில்லை. சத்தம் அடங்கும் வரை குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

லோகப்பிரியா ஸ்டேட்டஸ் வைக்கிறாள். நாச்சிமுத்துவின் போனில் தெரிகிறது, சாமியாத்தாளின் போனில் தெரிவதில்லை. அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அவள் அந்தப் போனை எடுத்துப் பார்ப்பாள். போன மாதம் ஒரு படம்: முழங்கால் உயரக் கன்றுகள், தலைவரை வெள்ளைப் பனிக்குள் புதைந்து, நுனி மட்டும் வெளியே தெரிய. அங்கே கனமாக விழுகிற பனியே இளங்கன்றைப் போர்த்தி, குளிரும் வெயிலும் சேர்ந்து தாக்காமல் காப்பாற்றிவிடுமாம், வலையே வேண்டாமாம். பெண்ணோடு போனில் பேசிவிட்டு நாச்சிமுத்து சொன்னார். அழகாகத்தான் இருந்தது. சாமியாத்தாளின் விரல் பழக்கத்தில் பூவுக்குப் போய், பாதியில் நின்றது. குளியலறைக் கதவுத் தாழ் விலகும் சத்தம் கேட்டதும் போனை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்துவிட்டாள்.

லோகப்பிரியாவுக்கு அங்கே கல்யாணம் ஆகிவிட்டது என்று வீதியில் ஒரு பேச்சு; ஆகவில்லை என்று இன்னொரு பேச்சு. விசாரித்துச் சொல்லப் பழனாத்தாளும் இப்போது எதிர்வீட்டில் இல்லை. மகன் ஹோப் காலேஜ் பக்கம் அபார்ட்மெண்ட் வாங்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் டிவியைக் குறைப்பதே இல்லை. குறைத்துவைத்துக் கேட்க இந்த வீட்டிலும் ஒன்றும் இல்லை.